மணி அடித்தும் எழும்பாத மனிதர்

மணி அடித்துக்கொண்டிருந்தது. திரு. அவெரல் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

சிட்னியில், மாநிலப் பாராளுமன்றக் கட்டடத்தின் தேநீர் அறை. எழுபதுகளின் நடுப்பகுதி கழிந்த ஒரு வருடம். மத்தியானம் திரும்பிய நேரம். மணிச் சத்தம் கேட்டதும் மற்றக் கதிரைகளில் இருந்த உறுப்பினர்கள் எல்லோரும் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஒருவர் பாதிக் கேக்கைக் கையோடு கொண்டு போனார். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேரும், மேசை துடைக்கும் பெண்மணி ஒருத்தியும்தான்.

அது வாக்கெடுப்புக்கான மணி. அடித்து ஓய்வதற்குள் உறுப்பினர்கள் சபைக்குள் போய்விட வேண்டும். ஓய்ந்ததும் கதவைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு எவ்வளவு பெரிய ஆள் வந்து தட்டினாலும் திறக்கமாட்டார்கள்.

"சேர், மணி அடிக்குது," என்றேன்.

"கேக்குது," என்றார் அவர். பிஸ்கட்டின் ஈரமான பாதி கோப்பைக்குள் விழுந்துவிட்டது. அதைக் கரண்டியால் தேடத் தொடங்கினார்.

திரு. அவெரல் எதிர்ப்பக்கத்து உறுப்பினர். நான் எங்கள் பக்கத்து உறுப்பினரின் காரியதரிசி. அவர் எழுந்து உள்ளே போனால் நாங்கள் ஒரு வாக்கால் தோற்போம். போகாமல் அங்கேயே இருந்தால் வெல்வோம். அப்படியிருந்தும் அவரை ஓடச் சொன்னவள் நான். எனக்கென்ன விசரா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு என்னை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

தங்கையின் முறைப்பாடு

அதற்குள் ஒரு சின்ன விஷயம். இந்தத் தொடரின் போன கிழமைப் பகுதியைப் படித்துவிட்டு, மெல்பேர்னில் கிளேட்டனில் இருக்கும் என் தங்கை தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"அக்கா, கிழமைக்குக் கிழமை டோரீன், டோரீன் எண்டு எழுதுறாய். அத்தான் எண்டொரு மனிசன் அந்த வீட்டில இருந்தவரோ இல்லையோ?"

"இருந்தவர். இப்பவும் இருக்கிறார். பக்கத்து அறையில கிரிக்கெற் பாக்கிறார்."

"அப்ப எழுது."

நியாயமான முறைப்பாடு. இந்தக் கிழமை டோரீனும் என் கணவரும் இரண்டு பேரும் வருகிறார்கள். சொல்லப்போனால் இந்தக் கதையில் இவரின் கையும் டோரீனின் கையும் ஒன்றையொன்று விட்டு நகராது.

மூன்று விரல் டோரீன்

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். டோரீன் ரட்லி எங்கள் செவன் ஹில்ஸ் பக்கத்து மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். தகர டின்களுக்கு மூடி வெட்டும் ஒரு சின்னக் கொட்டகையில் வேலைக்குப் போனார். பத்தொன்பது வயதில் பிரஸ் மெஷின் அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி சொக்லேற் அனுப்பினாராம்.

"நல்ல சொக்லேற்," என்பார் டோரீன். "அதுதான் இன்னும் கோவம்."

அதற்குப் பிறகு தொழிற்சங்கம், நகரசபை, இரண்டு முறை தேர்தலில் தோல்வி, மூன்றாம் முறை வெற்றி. தேர்தல் காலத்தில் காலையில் ரயில் நிலைய வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வலது கையைத்தான் நீட்டுவார். சிலர் தொட்டதும் கையை இழுத்துக்கொள்வார்கள். டோரீனுக்கு அதில் ஒரு குறும்புச் சந்தோஷம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

வேகமாக எழுத அந்தக் கை இடம் கொடுக்காது. அதனால்தான் எனக்கு வேலை கிடைத்தது. நான் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். நேர்முகத்துக்குப் போனபோது டோரீன் என் சான்றிதழைத் திறந்தும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த பத்திரிகையை எடுத்து, குதிரைப் பந்தயப் பக்கத்தைக் கடகடவென்று வாசித்தார். நான் எழுதிவிட்டுத் திருப்பி வாசித்தேன். எல்லாக் குதிரைகளின் பெயர்களும் சரியாக இருந்தன.

"நாளைக்குக் காலமை வா, பிள்ளை," என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம்தான், அதுவும் தொழிற்சாலை ஆங்கிலம். எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதினால்தான் அவருடைய குரல் எனக்குக் கேட்கிறது. ஆகவே இந்தத் தொடரில் டோரீன் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவார். திரு. அவெரலும் அப்படித்தான். செம்மறி ஆட்டுப் பண்ணைக்காரரான அவர் என்னை மன்னிப்பாராக.

இவரின் கை

இவர் ஊரில் கணித ஆசிரியர். இங்கே வந்த பிறகு இவருடைய சான்றிதழ்கள் ஏதோ ஒரு கந்தோரின் ஏதோ ஒரு கோப்புக்குள் உறங்கிக்கொண்டிருந்தன. அவை விழிக்கும்வரை செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் வேலை. மொத்தம் ஐந்து பேர். இவருக்குக் கிடைத்தது பிரஸ் மெஷின்.

ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போனார் என்று கொண்டு போனேன். வாசலில் நின்று பார்த்தேன். தகட்டை உள்ளே வைக்கிறார், கையை எடுக்கிறார், காலால் மிதிக்கிறார். இரும்பு தொம்மென்று விழுகிறது. திரும்பவும் கையை உள்ளே விடுகிறார். கைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு கம்பி வலைகூட இல்லை. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரே என்று பயம். பெட்டியை ஒரு பலகையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பெரிய தொழிற்சாலைகளில் தடுப்பு வலை போட வேண்டும் என்று சட்டம் இருந்தது. சின்னக் கொட்டகைகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு. டோரீனின் விரல்கள் போனதும் அதே விலக்கில்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. பின்னேரம் இவர் வந்து குசினிக் கதிரையில் இருந்ததும் தேநீர் கொடுப்பேன். கோப்பையை வாங்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டேன். விரல்களை எண்ணுவேன்.

இவர் கண்டுபிடித்துவிட்டார். "பத்தும் இருக்கு. எண்ணி முடிஞ்சுதெண்டால் சீனியைப் போடும்."

"பகிடி விடாதேங்கோ."

"கணக்கு வாத்திக்கு நேரம் பிடிக்கத் தெரியாதெண்டு நினைக்கிறீரோ?"

டோரீனுக்கும் அந்த வயதில் அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று என் வாயில் வந்தது. சீனியைப் போட்டுக் கலக்கினேன். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

டோரீனுக்கு இதை ஒரே ஒரு முறை சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பேப்பரை எடு, பிள்ளை," என்றார். சின்னக் கொட்டகைகளுக்கும் தடுப்பு வலை கட்டாயம் என்ற சட்டத் திருத்தத்தின் முதல் வரியை அன்றைக்குத்தான் எழுதினோம்.

ஒரு வாக்கு

சபையில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமன். எங்கள் பக்கம் ஒருவர், தன் தொகுதியில் கொட்டகை முதலாளிகள் அதிகம் என்று சொல்லி எங்களைக் கைவிட்டுவிட்டார். எங்கள் கட்சிக் கொறடா, யார் எப்படி வாக்களிப்பார் என்று கணக்கெடுப்பவர், ஒரு நாளில் மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் ஒரு வாக்குக் குறைந்தது. சமன் வந்தால் மட்டும் சபாநாயகர் தன் வாக்கை எங்கள் பக்கம் போடுவார்.

திருத்தத்தை மிகக் கடுமையாக எதிர்த்தவர் திரு. அவெரல். நெடுத்த மனிதர். இருபது வருடமாக அதே கதிரையில் இருந்தவர். விவாதத்தின்போது ஒருநாள் எழுந்து, "உறுப்பினர் அவர்களுக்குச் சொல்ல நியாயம் இல்லாதபோதெல்லாம் கை ஒன்றை ஆட்டிக் காட்டுகிறார்," என்று சொல்லிவிட்டார். அவருடைய பக்கத்தில் சிலர் சிரித்தார்கள்.

நான் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். டோரீன் அந்தக் கையை மெதுவாக மேசைக்குக் கீழே எடுத்ததைக் கண்டேன். ரயில் நிலையத்தில் எல்லோருக்கும் நீட்டிய கை அது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் இருவரும் எதிர்ப்பட்டால் ஆளை ஆள் பார்ப்பதில்லை.

அடுத்த கிழமை திரு. அவெரலின் மனைவி இறந்துபோனார்.

சொல்லாமல் போகிற வீடு

காலையில் பத்திரிகைகளைப் பார்த்து, டோரீனுக்குத் தேவையானவற்றை வெட்டி வைப்பது என் வேலை. மரண அறிவித்தலை நான்தான் முதலில் கண்டேன். சிட்னியின் வடக்கில் ஒரு சின்னத் தேவாலயம், காலை பதினொரு மணி, தனிப்பட்ட முறையில், குடும்பத்தினர் மட்டும்.

"குடும்பத்தினர் மட்டும்" என்பதை வாசித்தேன். எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அது எங்களுக்குச் சொன்னது என்று என் புத்திக்கு எட்டவில்லை. கல்யாண வீட்டுக்கு அழைப்பு வேண்டும். செத்த வீட்டுக்கு யார் அழைப்பார்கள்? கேள்விப்பட்டால் போக வேண்டியதுதான். அதிலும் கோபதாபம் இருந்தால் கட்டாயம் போக வேண்டும். வேலிச் சண்டையில் வருடக்கணக்காகப் பேசாதவர்கள்கூடப் பறைச் சத்தம் கேட்டால் வேட்டியை மாற்றிக்கொண்டு போய் முற்றத்தில் நிற்பார்கள். அறிவித்தலில் போட்டிருந்தது தெருவில் போகிறவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டு, டோரீனின் நாட்குறிப்பில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்.

டோரீன் நாட்குறிப்பில் இருப்பதைக் கேள்வி கேட்பவர் அல்ல. அன்றைக்கு மட்டும் காரை எடுக்கும்போது கேட்டார்.

"நாங்கள் போகத்தான் வேணுமோ?"

"கட்டாயம் போகோணும். சண்டை பிடிச்சனீங்கள். சண்டை பிடிச்சவை போகாட்டில் ஊர் என்ன சொல்லும்?"

"எந்த ஊர், பிள்ளை?"

நான் வெள்ளைச் சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தேன்.

தேவாலயத்துக்கு வெளியே ஒரு கார்தான் நின்றது. உள்ளே திரு. அவெரல், அவருடைய மகள், மருமகன், பாதிரியார். அவ்வளவுதான். வாசலில் நின்ற கறுப்புக் கோட்டுக்காரர் என் சேலையைப் பார்த்தார், டோரீனைப் பார்த்தார்.

"குடும்பமோ?"

"இல்லை, தெரிஞ்ச ஆக்கள்," என்றேன் நான், பெருமையாக.

டோரீன் என் காதுக்குள் கேட்டார். "பேப்பரில என்ன போட்டிருந்தது?"

"குடும்பத்தினர் மட்டும் எண்டு."

"ஐயோ, பிள்ளை!"

அந்தக் குரலில்தான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தால், அதற்குள் திரு. அவெரல் திரும்பி எங்களைக் கண்டுவிட்டார். கடைசி வாங்குப் பலகையில் போய் இருந்தோம். டோரீன் என் முழங்காலில் ஒரு நுள்ளு நுள்ளினார். கிழமைக்கணக்காக அந்த இடம் நீலமாக இருந்தது.

எல்லாம் முடிந்து, அவர் எங்களை நோக்கி நடந்து வந்தார். டோரீன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அவர் கையால் தடுத்து, "வீட்டில தேத்தண்ணி இருக்கு. வாங்கோ," என்றார்.

போனோம். பெரிய வீடு, சுத்தமான வீடு, பேச்சில்லாத வீடு. மகள் மெல்லிய பீங்கான் கோப்பையில் தேநீர் கொண்டு வந்தாள். அதன் கைபிடிக்குள் டோரீனின் வலது கை நுழையாது. இடது கையால் வாங்கினார். திரு. அவெரல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மெஷின்?" என்று கேட்டார்.

"மூடி வெட்டுற பிரஸ்."

"தடுப்பு?"

"அஞ்சு பேர் வேலை செய்த கொட்டகை. தேவையில்லையெண்டு சட்டம் சொல்லிச்சுது."

டோரீன் திருத்தத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. திரு. அவெரலின் மனைவி வளர்த்த ரோசாச் செடிகளைப் பற்றிக் கேட்டார். அந்த மனிதர் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்.

புறப்படும்போது டோரீன் விடைபெறத் திரும்பினார். நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். செத்த வீட்டில் யாராவது "போட்டு வாறன்" என்று சொல்வார்களா? திரும்ப வரவேண்டிய இடமா அது? சொல்லாமல் எழும்பி வருவதுதான் முறை.

காரில் வரும்போது நான் மெல்லச் சொன்னேன். "வந்ததுதான் வந்திட்டம். வோட்டை ஒருக்காக் கேட்டுப் பாத்திருக்கலாம்."

"செத்த வீட்டிலயோ?" என்றார் டோரீன். அவர் அதிர்ந்துபோனதைக் கண்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

கந்தோருக்கு வந்ததும் வேறு ஒரு கூத்து. செத்த வீட்டுக்குப் போனவர்கள் தண்ணீர் படாமல் உள்ளே போகக்கூடாது. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பைப் இருந்தது. சட்டமன்ற உறுப்பினர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலைக் கழுவி, தலையில் நான்கு துளி தெளித்துக்கொண்டார். பக்கத்து இறைச்சிக் கடைக்காரர் கத்தியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் கட்டாயமோ?"

"கட்டாயம்."

"நல்லகாலம், மாசத்துக்கு ஒருத்தரோடதான் சண்டை பிடிக்கிறனான்," என்றார் டோரீன்.

கொறடாவின் கோபம்

அடுத்த நாள் விஷயம் கொறடாவின் காதுக்குப் போய்விட்டது. கந்தோருக்கே வந்துவிட்டார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தாலும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. குடும்பத்தினர் மட்டும் என்று போட்டிருந்த இடத்துக்குப் போய், துக்கத்தில் இருந்த மனிதரை அவமானப்படுத்திவிட்டார்களாம். இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டதாம்.

அவர் அதோடு நிற்கவில்லை. அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒருவர் துக்கத்தால் வர முடியாவிட்டால், மற்றப் பக்கமும் ஒருவரை வெளியே நிறுத்திச் சமன் செய்யும். அப்படிச் செய்ய எங்கள் கொறடா முன்வந்தார். திரு. அவெரல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "வாக்கெடுப்பு நடக்கிற நேரம் நான் கட்டடத்துக்குள்ள இருப்பன்," என்று தன் கட்சிக்குச் சொல்லி அனுப்பினாராம்.

"பாத்தீங்களோ? கோவத்தில வாறார்," என்றார் கொறடா.

அவர் போன பிறகு நான் அழுதேன். அழுதேன் என்றால், தட்டச்சு மெஷினுக்கு மேல் தலையை வைத்து விம்மி விம்மி அழுதேன். இவருடைய விரல்களுக்காக எழுதிய சட்டத்தை நானே என் கையால் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேலையை விடுகிறேன் என்று டோரீனிடம் சொன்னேன்.

"மெஷினில பேப்பரைப் போடு," என்றார். "அழுகிறதெண்டால் அழுதுகொண்டே அடி. நாளைக்குப் பேச்சு இருக்கு."

கட்டடத்துக்குள் இருந்தவர்

வாக்கெடுப்பு நாளில் பார்வையாளர் வரிசையில் போய் இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. டோரீனின் கோப்புகளைக் கொடுத்துவிட்டு, தேநீர் அறையில் ஒரு மூலையில் ஒதுங்கினேன்.

"இந்தக் கதிரையில ஆரும் இருக்கினமோ?"

நிமிர்ந்து பார்த்தால் திரு. அவெரல். இல்லை என்று தலையை ஆட்டினேன். இருந்தார். தேநீரும் பிஸ்கட்டும் வந்தன.

"என்ர கட்சியில இருந்து ஒருத்தரும் வரேல்லை," என்றார். "குடும்பம் மட்டும் எண்டு போட்டால் வரமாட்டினம். அதுதான் முறை. நானும் போயிருக்கமாட்டன்." கரண்டியைக் கீழே வைத்தார். "நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

அந்த இடத்தில் கெட்டிக்காரி ஒருத்தி இருந்திருந்தால், மிஸிஸ் ரட்லி உங்கள் மேல் வைத்திருக்கும் மரியாதை அப்படி என்று ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்குப் பொய் வாயில் வரவில்லை.

"அது என்ர பிழை, சேர். அவவுக்குத் தெரியாது. எங்கட ஊரில செத்த வீட்டுக்குச் சொல்லுறேல்லை, கேள்விப்பட்டுப் போறது. சண்டை பிடிச்சவை கட்டாயம் போறது. பேப்பரில போட்டிருந்ததை வாசிச்சுப் போட்டும் நான்தான் பிழையாக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"போகேக்க ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இழுத்துக்கொண்டு ஓடினீங்கள்."

"போட்டு வாறன் எண்டு சொல்லக்கூடாது, சேர். சொன்னால் திரும்பவும் அந்த வீட்டுக்கு அப்பிடியொரு காரியத்துக்கு வரவேண்டி வந்திடும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, நான் ஒருநாளும் காணாத ஒன்றைச் செய்தார். சிரித்தார்.

"அப்ப பிழையா வந்தனீங்கள்."

"ஓம், சேர். பிழையா வந்தனாங்கள்."

"என்ர மனிசி கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா," என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் மணி அடிக்கத் தொடங்கியது. மற்றவர்கள் ஓடினார்கள். திரு. அவெரல் பிஸ்கட்டைத் தோய்த்தார். நான் முதல்முறை சொன்னதையும் அவர் "கேக்குது" என்றதையும் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த மனிதர், மனம் எங்கோ கிடக்க, மணி அடிப்பதன் அர்த்தம் விளங்காமல் இருக்கிறார் என்று நினைத்தேன். அந்த நிலையில் உள்ள ஒருவரைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி இருந்து வென்றுவிட்டு, அந்த வெற்றியோடு வீட்டுக்குப் போய் இவருடைய கையை எப்படிப் பார்ப்பேன்? மறுபக்கம் அந்தக் கையே கண்ணுக்குள் நின்றது. இரும்பு விழும் சத்தம் காதுக்குள் கேட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சேர், கதவைப் பூட்டப் போகினம்," என்றேன் இரண்டாம் முறை. "கெதியாப் போங்கோ."

அவர் கரண்டியால் பிஸ்கட்டை மீட்டெடுத்து, ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தார்.

"இருபது வருஷமா இந்த மணிக்கு ஓடினனான். இண்டைக்குக் கால் நோகுது," என்றார். "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்துங்கோ, பிள்ளை."

ஊற்றினேன். வேண்டுமென்றே வாக்களிக்காமல் இருக்கத்தான் அவர் அந்தச் சமன் ஏற்பாட்டை மறுத்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாதித் தேநீர் தட்டில் போய்விட்டது. அவருடைய கட்சி ஆள் ஒருவர் தாழ்வாரத்தில் "அவெரல், அவெரல்" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. திரு. அவெரல் பக்கத்தில் கிடந்த பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே விரித்தார். அந்த ஆள் எட்டிப் பார்த்தார், சேலை கட்டிய ஒருத்தியைக் கண்டார், ஓடிவிட்டார்.

மணி நின்றது.

மேசை துடைக்கும் பெண்மணிகூடத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. தூரத்தில் ஒரு இரைச்சல் எழுந்தது. யார் வென்றாலும் அப்படித்தான் இரைவார்கள் என்பதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தாழ்வாரத்தில் சப்பாத்துச் சத்தம். எனக்குத் தெரிந்த சப்பாத்து.

டோரீன் வாசலில் வந்து நின்றார். தலைமயிர் கலைந்திருந்தது. பேச மூச்சு வரவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். மூன்று விரல்களும் விரிந்திருந்தன.

"சமன்!" என்றார். "சமன், பிள்ளை! சபாநாயகர் எங்கட பக்கம் போட்டார்!"

அப்போதுதான் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தவரைக் கண்டார். அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் எதிர்க்கட்சிக் கொறடா, முகம் சிவந்து, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"எங்க இருந்தனீங்கள்?"

"இஞ்சதான்," என்றார் திரு. அவெரல், பத்திரிகையை மடித்தபடி. "கட்டடத்துக்குள்ள இருப்பன் எண்டு சொன்னனான். இருந்தனான்."

எழுந்து தொப்பியை எடுத்தார். டோரீனுக்கு முன்னால் போய்த் தன் வலது கையை நீட்டினார். டோரீன் தன்னுடையதைக் கொடுத்தார். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் நடந்து போய்விட்டார். வாசலில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். அவருடைய வீட்டில் இன்னும் துக்கம் கழியவில்லை. சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்ற முறையை ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்ட மனிதர் அவர்.

அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. டோரீன் நின்றார், முன்னைவிட நன்றாக வென்றார். அதற்குப் பிறகும் வென்றார். அந்தக் கை மேசைக்குக் கீழே போனதை நான் மறுபடி காணவில்லை. எங்கள் கொறடா மட்டும், அந்த வெற்றி தன் கணக்கின் திறமை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கம்பி வலை

சட்டம் வந்த அன்றே கொட்டகைக்கு வலை வந்துவிடாது. கடிதம் போய், ஆள் வந்து பார்த்து, முதலாளி முணுமுணுத்து, மாதங்கள் போயின. நான் ஒவ்வொரு பின்னேரமும் இவருடைய விரல்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் இவர் உம்மென்று வந்தார். சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். குசினிக் கதிரையில் இருந்தார்.

"இண்டைக்கு வலை போட்டாச்சு," என்றார். "உம்மட சட்டத்தால வேலை நாறிப் போச்சு. ஒவ்வொரு தகட்டுக்கும் அந்தக் கண்டறியாத வலையைத் திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டிக் கிடக்கு."

எனக்கு வந்ததே கோபம். "என்ன சொன்னீங்கள்? அதுக்காக நான் பட்ட பாடு தெரியுமோ? ஒரு மனிசன்ர செத்த வீட்டில போய் நிண்டு மானம் கெட்டனான்! நுள்ளு வாங்கினனான்!"

"நான் கேட்டனானோ?"

"கேக்காட்டிலும் செய்வன்!"

"டோரீனிட்டச் சொல்லும், அந்த வலைக் கதவின்ர பிணைச்சல் இறுகலா இருக்குதெண்டு. ஒரு எண்ணெய்த் திருத்தமும் கொண்டு வரட்டும்."

அதற்கு மேல் என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. இவரும் சிரித்தார். அப்படியே சண்டை போட்டபடி தேநீரைக் கொடுத்தேன். இவர் குடித்தார். இன்னும் ஏதோ குறை சொல்லிக்கொண்டு குளிக்கப் போனார். நான் விடவில்லை, குளியலறைக் கதவுவரை போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாதி கழுவும்போது கை நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் எண்ணவில்லை.